விளையாட்டும் வழக்கும்

ஹாக்கியைப் பற்றி நம்மவர் எழுதப் புகுந்தால் பெரும்பாலும் வெற்றியைப் பற்றியே எழுதுவர். அது இயல்பே. 1980 ஆம் ஆண்டு மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ்நாட்டு பாஸ்கரன். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இந்தியாவின் முன்னணியில் பாய்ந்தோடிய தன்ராஜ் பிள்ளை, பூனாவை அடுத்த கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இப்பெயர்களைச் சொல்லும்போது, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கெல்லாம் சற்றே தலை நிமிரும். ஆயின் இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் தலை நிமிர்வதற்கு உரியதன்று. ஆட்டத்தின் நடுவே ஒருவன் மற்றொருவனை மட்டையால் ஓங்கி அடித்துவிட்டால் அதற்கு யாரிடம் நியாயம் கேட்பது? ஊதல் ஊதும் நடுவரிடமா, சங்கத்தாரிடமா, அன்றி நீதிமன்றத்திலா? லோதி ரோட்டில் நம் அண்டைக் குடும்பம் ஒன்று சென்ற குளிர்காலத்தில் இக்கேள்வியைக் கேட்டது. அக்குடும்பத்தின் கதையைப் பின்னர் சொல்வோம். முதலில் ஊரறிந்த கதை.

டில்லியில் 1964 ஆம் ஆண்டு தொடங்கி நேருவின் பெயரால் ஒரு ஹாக்கிப் போட்டி நடந்து வருகிறது. நாடெங்கிலுமிருந்து இலாகா அணிகளும் வங்கி அணிகளும் வந்து ஆடுவர். அதன் 56 ஆவது ஆண்டின் இறுதி ஆட்டம் 2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25 ஆம் நாள், இந்தியா கேட்டை அடுத்த தேசிய ஸ்டேடியத்தில் நடந்தது. ஒரு பக்கம் பஞ்சாப் போலீஸ் அணி, மறுபக்கம் பஞ்சாப் நேஷனல் பாங்கு அணி. இரு தரப்பும் மும்மூன்று கோல் போட்டுச் சமமாக நின்ற வேளையில், பந்தைப் பற்றிய தகராறு ஆளைப் பற்றிய தகராறாயிற்று. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் துரத்தித் துரத்தி மட்டையால் அடித்தனர். கீழே விழுந்தவன் மீதும் அடி விழுந்தது. அக்காட்சியைப் படம் பிடித்தவர்கள் பலர். அன்றிரவே நாடு முழுவதும் அதைக் கண்டது. பின்னர் ஆட்டம் தொடர்ந்தது, வங்கி அணி 6-க்கு 3 என்று வென்றது என்பதெல்லாம் ஒரு செய்தியாகவே யாருக்கும் படவில்லை.

தண்டனை வராமல் இல்லை. போட்டியை நடத்திய சங்கம் இரு அணிகளையும் விலக்கி வைத்தது. ஹாக்கி இந்தியா அமைப்பின் ஒழுங்குக் குழு விசாரித்து, பதினோரு ஆட்டக்காரர்களையும் அணிகளின் பொறுப்பாளர் இருவரையும் ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை ஆட்டத்திலிருந்து நீக்கி வைத்தது. சிறிய தண்டனை என்று சொல்லமாட்டோம். ஆட்டக்காரனுக்கு வாலிபம்தான் முதல். அதில் ஒன்றரை ஆண்டு போவது பெரிய நஷ்டமே. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அதே மட்டைகளை ஏந்தி, அதே மனிதர்கள், ஸ்டேடியத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்று அவ்வாறு அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த காவல் நிலையத்தில் இரவைக் கழித்திருப்பர். மைதானத்தின் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் நாட்டுச் சட்டம் வெளியிலேயே நின்றுவிடுமா?

நாம் சட்டம் பயின்றவரல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. ஆயினும் இக்கேள்விக்குச் சட்டப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. தேடிப் படிப்பவர்க்கு அது ஒளிந்துகொள்வதில்லை. 1860 இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87 ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. 2024 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 25 ஆவது பிரிவு. எண் மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தாமே இசைந்து ஒரு காரியத்தில் இறங்கினால், அதில் அவருக்கு நேரும் தீங்கு குற்றமாகாது. ஆனால் அக்காரியத்தைச் செய்தவருக்கு மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கம் இருக்கக்கூடாது. அவ்வாறு நேரக்கூடும் என்ற அறிவும் இருக்கக்கூடாது.

அப்பிரிவின் கீழ் ஓர் உதாரணம் உண்டு. இருவர் பொழுதுபோக்காக வாட்போர் பயில ஒப்புக்கொள்கின்றனர். வஞ்சகமின்றி ஆடும்போது படக்கூடிய காயத்தைப் பொறுத்துக்கொள்வதாக இருவரும் இசைந்ததாகக் கொள்ளப்படும். ஒருவன் முறையாக ஆடியபோது மற்றவன் காயமுற்றால் குற்றமில்லை. எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள், அவர்கள் கண்முன் இருந்தது வாள். நம் சிலம்பத்துக்கும் கபடிக்கும் ஹாக்கிக்கும் அது அப்படியே பொருந்துகிறது. அந்த உதாரணத்தின் உயிர், முறையாக ஆடும்போது என்னும் சொற்களில் இருக்கிறது. ஆட்டத்துக்கு வந்தவன் ஆட்டத்தின் அடிக்கு இசைந்தான். பந்தை மறிக்கும்போது முழங்காலில் மட்டை படுவதற்கு இசைந்தான். கோலை நோக்கி விசையோடு வரும் பந்து நெஞ்சில் படும் அபாயத்துக்கும் இசைந்தான் என்றே கொள்ளலாம். ஊதல் ஊதி ஆட்டம் நின்றபின், முதுகுக்குப் பின்னால் வந்து ஓங்கும் மட்டைக்கு எவன் இசைந்தான்? அந்த அடி ஆட்டத்தைச் சேர்ந்ததன்று. ஆட்டத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வந்த அடி.

இந்த வேறுபாட்டை விளக்க டில்லியின் கிரிக்கெட் வீரர் ஒருவரின் வாழ்வே போதும். இந்தியாவுக்காகவும் ஆடிய ராமன் லாம்பா இவ்வூர் இரசிகர்களின் செல்லப்பிள்ளை. 1991 ஆம் ஆண்டு ஜனவரியில் ஜாம்ஷெட்பூரில் நடந்த துலீப் கோப்பை இறுதி ஆட்டத்தில், மேற்கு மண்டலப் பந்து வீச்சாளர் ரஷீத் பட்டேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு லாம்பாவைத் தாக்க வந்தார். லாம்பா தம் மட்டையை உயர்த்தித் தடுத்தார். கிரிக்கெட் வாரியம் பட்டேலைப் பதின்மூன்று மாதமும் லாம்பாவைப் பத்து மாதமும் விலக்கி வைத்தது. ஏழாண்டு கழிந்தது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். லாம்பா தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகே நின்றிருந்தார். மட்டையாளர் மெஹ்ராப் ஹுசேன் அடித்த பந்து அவர் தலையைத் தாக்கியது. மூன்று நாளில் உயிர் நீத்தார், வயது 38.

முதல் சம்பவத்தில் உயிர்ச்சேதமில்லை. இரண்டாவதில் ஓர் உயிரே போயிற்று. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு முதலாவதுதான் குற்றத்தின் சாயல் கொண்டது. இரண்டாவது விபத்து, யாரும் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. விளைவு எவ்வளவு பெரிது என்பதற்கு முன், கை எதற்காக ஓங்கியது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. இது முதலில் மனத்துக்கு ஒவ்வாததுபோல் தோன்றும். எண்ணிப் பார்த்தால் இதைவிட நியாயமான வழி இல்லை என்றே நமக்குப் படுகிறது. இல்லையேல் நாளை எந்தத் தாயும் தன் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பமாட்டாள்; அடிபடுமே என்பதற்காக மட்டுமன்று, தன் பிள்ளையின் பந்து பட்டு யாருக்கேனும் ஏதேனும் ஆனால் சிறைக்குப் போக நேருமே என்பதற்காகவும்.

(பதினெட்டு நிரம்பாத பள்ளிப் பிள்ளைகளுக்கு 25 ஆவது பிரிவின் இசைவு பொருந்தாது. அவர்களைக் காப்பது வேறொரு பிரிவு: முறையான செயலை முறையாகவும் கவனத்தோடும் செய்யும்போது தற்செயலாய் நேரும் தீங்கு குற்றமன்று என்பது. ஆகவே லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி மைதானத்தில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.)

இனிக் கடல் கடந்து செல்வோம். நம்மவர் பல்லாயிரம் பேர் குடியேறி வாழும் கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கிதான். நம் நாட்டில் அது லடாக்கின் உறைந்த ஏரிகளில்தான் பெரிதும் ஆடப்படுகிறது. நம்மில் பலர் கண்டதில்லை. காலில் இரும்புப் பட்டை கட்டிய காலணி, கையில் மட்டை, குதிரை ஓடும் வேகம். அங்கே ஆட்டக்காரர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துச் சண்டை இடுவது நெடுநாள் வழக்கம். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறைச் சங்கத்தில் அதற்கு ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். மக்களும் எழுந்து நின்று கைதட்டுவர். சண்டைக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஆட்டம் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. வேடிக்கை என்னவெனில், இவ்விஷயத்தில் நீதிமன்றப் படியை மீண்டும் மீண்டும் ஏறியதும் அந்த நாடுதான்.

1905 லேயே அங்கு ஓர் ஆட்டக்காரர் மட்டையடியில் மாண்டு, கொலைக் குற்ற விசாரணை நடந்தது. 1907 இல் கார்ன்வால் என்னும் ஊரில் மீண்டும் ஒரு சாவு. இரு வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாயினர். பிந்திய வழக்கில், எவருடைய அடியால் உயிர் போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூட்டமாக அடித்துக்கொள்ளும்போது இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. 1969 இல் ஆட்டாவாவில் டெட் கிரீன், வெய்ன் மாகி என்ற இருவர் மட்டையால் தாக்கிக்கொண்டனர். கிரீனுக்கு மண்டை ஓடு உடைந்தது. இருவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டு, 1970 இல் இருவருமே விடுவிக்கப்பட்டனர். 1988 இல் டீனோ சிச்சரெல்லி என்பவர் எதிரணி ஆட்டக்காரரை மட்டையால் தலையில் அடித்ததற்கு ஒரு நாள் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும் பெற்றார். 2000 பிப்ரவரியில் மார்ட்டி மெக்சோர்லி, டொனால்ட் பிரஷியரைத் தலையில் அடித்து வீழ்த்தினார். ஆயுதத்தால் தாக்கிய குற்றம் உறுதியாயிற்று. ஹாக்கி மட்டையை நீதிமன்றம் ஆயுதம் என்றே கொண்டது. சிறைக்கு அனுப்பவில்லை, பதினெட்டு மாத நன்னடத்தை நிபந்தனையோடு விட்டது.

இவை அனைத்திலும் நம் மனத்தில் தங்கியது ஸ்டீவ் மூர் வழக்கு. 2004 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் வான்கூவரில், டாட் பெர்டூசி என்ற பேர்பெற்ற ஆட்டக்காரர் மூரைப் பின்தொடர்ந்து சென்று, பின்னாலிருந்து குத்தி, பனித்தரையில் முகம் குப்புற வீழ்த்தினார். முந்தைய ஓர் ஆட்டத்தில் மூர் தம் அணித் தலைவரை மோதிக் காயப்படுத்தியதற்குப் பழி. மூருக்குக் கழுத்தெலும்புகள் முறிந்தன; மூளை அதிர்ச்சி. ஹார்வர்டில் படித்த அந்த வாலிபர் அதன்பின் ஒருநாளும் தொழில்முறை ஆட்டம் ஆடவில்லை. பெர்டூசி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு நன்னடத்தைக் காவலும் 80 மணி நேரச் சமூகத் தொண்டும் விதிக்கப்பட்டன. சங்கம் அவரை நீக்கி வைத்ததில் ஐந்து இலட்சம் டாலர் அளவுக்குச் சம்பளம் போயிற்று. அணிக்கு இரண்டரை இலட்சம் டாலர் அபராதம். 2005 இல் அவர் மீண்டும் ஆட வந்துவிட்டார். அடித்தவர் திரும்பி வந்தார், அடிபட்டவர் வரவில்லை.

மூர் அதோடு விடவில்லை. 2006 இல் நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்குத் தொடுத்தார். அடித்தவர் மீது மட்டுமன்றி, அவரை வேலைக்கு வைத்திருந்த அணியின் முதலாளிகள் மீதும் தொடுத்தார். எட்டாண்டு இழுத்தது. 2014 இல், விசாரணை தொடங்கு முன்னரே, இரு தரப்பும் தொகையை வெளியிடாமல் சமாதானமாயின. தொகை எவ்வளவாயினும், முதலாளியையும் கூண்டருகே அழைத்த அந்த யோசனைதான் நம் கவனத்தைக் கவர்ந்தது. ஏனெனில் நம் நாட்டு ஹாக்கியின் அமைப்பே முதலாளிகளின் அமைப்பு.

இதை இரயில்வேயில் எழுத்துவேலை பார்க்கும் நாம் அன்றாடம் காண்கிறோம். இரயில்வே, போலீஸ், வங்கிகள், எண்ணெய்க் கம்பெனிகள் இவைதாம் ஆட்டக்காரருக்குச் சோறு போடுபவை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வருபவன் காகிதத்தில் குமாஸ்தா, வாழ்வில் ஆட்டக்காரன். இலாகாவின் சட்டையை அணிந்து, இலாகாவின் செலவில் பயணம் செய்து, இலாகாவின் பெயருக்காக ஆடுகிறான். வெற்றி பெற்றால் இலாகாவுக்குக் கேடயம். அதிகாரிகள் உடன் நின்று படம் எடுத்துக்கொள்வர். அவன் மட்டையைத் தவறாக ஓங்கிவிட்டாலோ, அது அவன் சொந்தக் குணம் என்று சொல்லப்படுகிறது. கேடயத்துக்கு மட்டும் எஜமானன், காயத்துக்கு இல்லை என்பது என்ன கணக்கு? ஊழியன் பணியின் போக்கில் செய்த தீங்குக்கு எஜமானன் பொறுப்பு என்பது சிவில் சட்டத்தில் பழகிப்போன கொள்கை. வேண்டுமென்றே அடித்தது பணியின் போக்கில் சேருமா என்று வக்கீல்கள் வாதிடுவர்; வாதிடட்டும். வாதிட ஒரு வழக்கேனும் வரவேண்டுமல்லவா?

ஒழுங்கு விதிகளுக்குக் குறைவில்லை. 1966 இன் இரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், ஊழியனுக்குத் தகாத எதையும் செய்யக்கூடாது என்கின்றன. 1968 இன் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி தண்டிக்கவும் முடியும். இவையெல்லாம் அடித்தவனைத் திருத்த உதவலாம். அடிபட்டவன் கைக்கு இவற்றால் ஒரு காசும் வராது.

இப்போது நம் அண்டைக் குடும்பத்துக்கு வருவோம். பெயர், ஊர், அணி எதுவும் சொல்லப்போவதில்லை. தகப்பனார் மைய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலைப் பணியாளர். அம்மாள் வீட்டோடு இருப்பவர். மூத்த மகன் இருபது வயது. ஓர் அலுவலக அணியில் மாத உதவித்தொகை பெற்று ஆடிவந்தான். அடுத்த தேர்வில் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. நகரத்துக்குள்ளே நடந்த ஒரு சிறு போட்டியில், நடுவர் ஊதியபின், எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் கோபத்தில் மட்டையை வீசினான். இடது முன்கை எலும்பு இரண்டாக முறிந்தது. நடுவர் சிவப்பு அட்டை காட்டி அடித்தவனை வெளியேற்றினார். அவரால் செய்யக்கூடியது அவ்வளவே. பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம், சிவப்புக்கு அந்த ஆட்டம் முழுவதும். அவர் பையில் வேறு அட்டை இல்லை.

அன்று மாலையே அணிப் பொறுப்பாளர்கள் வீட்டுக்கு வந்தனர். நல்ல சொற்களே பேசினர். மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்வோம், போலீசுக்குப் போனால் இரு பிள்ளைகளின் எதிர்காலமும் பாழாகும், விளையாட்டில் நடந்ததை விளையாட்டோடு விட்டுவிடுவதுதான் மரியாதை என்றனர். தகப்பனாருக்கு அது சரியென்றே பட்டது. அயலூரில், பேசத் தெரியாத மொழியில், காவல் நிலையத்துக்குப் போவது என்றாலே நம்மவர்க்கு ஓர் அச்சம் உண்டு. அம்மாள்தான் இரண்டு நாள் கழித்து நம் வீட்டுக்கு வந்து, "தம்பி, ரோட்டுல ஒருத்தன் அடிச்சா கேஸு, கிரவுண்டுல அடிச்சா கேஸு இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

கேஸ் உண்டு. சட்டப்படி எலும்பு முறிவு கொடுங்காயம். வேண்டுமென்றே அதை விளைவித்தால் 117 ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. போலீசார் பிடியாணையின்றியே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் அது. எலும்பு முறியாமல் வெறும் காயமாயின் 115 ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை அல்லது பதினாயிரம் ரூபாய் வரை அபராதம். அப்போது போலீசார் புகாரைக் குறித்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவர். மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றித் தாமே விசாரிக்கமாட்டார்கள். தேசிய ஸ்டேடியத்தில் நடந்ததுபோல் பலர் கூடிப் பொது இடத்தில் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தால் அதற்கென 194 ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். எதிரி தூண்டியதால் திடீரென மூண்ட கோபத்தில் அடித்தேன் என்று மெய்ப்பித்தால் தண்டனை வெகுவாகக் குறையும். ஆட்டத்தின் சூட்டில் நடந்தது என்று சொல்வோர்க்குச் சட்டம் விட்டிருக்கும் வாசல் அது. வாசல் இருக்கிறது என்பதற்காக, வீட்டுக்குள்ளேயே வராதே என்று சட்டத்தைத் தடுத்துவிட முடியாது.

இதைச் சொன்னபோது தகப்பனார் முகம் வாடிற்று. "அந்தப் பையனும் நம்மை மாதிரி ஒரு வீட்டுப் பிள்ளைதானே சார், ஏழு வருஷமா?" என்றார். நாமும் அதை எண்ணாமல் இல்லை. மைதானத்தில் நடந்த ஒவ்வொரு தள்ளுமுள்ளையும் கச்சேரிக்கு இழுப்பது நமக்கு உடன்பாடன்று. ஆடும்போது கோபம் வரும், இடித்துக்கொள்வர், அதற்கு அட்டை இருக்கிறது, சங்கம் இருக்கிறது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 இல் ஒரு கால்பந்து வழக்கில், குற்றவியல் வழக்கு மிகக் கொடிய செயல்களுக்கே உரியது, மற்றவற்றைச் சங்கங்களே பார்த்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. அதை நாம் ஏற்கிறோம். ஆனால் ஊதல் ஒலித்தபின், பந்து இல்லாத இடத்தில், எலும்பு முறியும்படி ஓங்கிய அடியை எந்தச் சங்கமும் தனக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாகாது. ஏழாண்டு என்பது உச்ச வரம்பு. நீதிபதி வயதைப் பார்ப்பார், முன் நடத்தையைப் பார்ப்பார். இன்னொன்றும் உண்டு. கொடுங்காய வழக்கையும் நீதிமன்றத்தின் அனுமதியோடு இராஜி செய்துகொள்ளலாம். வீட்டுத் திண்ணையில் பேசி முடிக்கும் சமாதானத்துக்கும் நீதிபதி முன் முடிக்கும் சமாதானத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னதில் வாக்குறுதி காற்றோடு போகும். பின்னதில் கையெழுத்து இருக்கும்.

அம்மாளின் பிடிவாதமே வென்றது. அரசு மருத்துவமனையில் முதல் நாளே காயத்தை மருத்துவ-சட்டப் பதிவேட்டில் பதிந்திருந்தனர். விழுந்ததால் என்று சொல்லுமாறு ஒருவர் சொல்லிக்கொடுத்தும், பையன் மட்டையால் அடிபட்டதாகவே மருத்துவரிடம் கூறியிருந்தான். அந்த ஒரு வரி பின்னால் பெரிய துணையாயிற்று. இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை என்பதும், 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் வழி சொல்வர் என்பதும் நம் குடியிருப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவ்வழியே ஒரு பெண் வக்கீலின் யோசனை கிடைத்தது. புகார் பதிவாயிற்று. முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் காசின்றித் தரவேண்டும் என்று விதி, கேட்டபின் தந்தனர். அது இந்தியில் இருந்தது. நம்மிடம் கொண்டுவந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லக் கேட்டபின்தான் தகப்பனாருக்கு மனம் சமாதானமாயிற்று.

அடித்த பையனும் அவன் தாயாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மன்னிப்புக் கேட்டனர். அவர்கள் ஹரியானாக்காரர்கள். இரு தாய்மார்களும் பொதுமொழி ஏதுமின்றி அரைமணி நேரம் அருகருகே அமர்ந்திருந்தனர். இராஜிக்கு அம்மாள் இசைந்துவிட்டார். நீதிமன்றத்தின் அனுமதி வேண்டிக் காத்திருக்கின்றனர்.

ஆனால் கை முழுவதும் சரியாகவில்லை. தட்டு வைத்துத் திருகு முடுக்கியிருக்கிறார்கள். உள்ளங்கையை மேலே திருப்பினால் பாதியில் நிற்கிறது. ஹாக்கியில் மட்டையைப் புரட்டுவது இடது மணிக்கட்டின் வேலை என்பதை ஆட்டம் அறிந்தவர் அறிவர். தேர்வுக்கு அவன் பெயர் அழைக்கப்படவில்லை. உதவித்தொகையும் நின்றது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று 1923 முதல் 2025 வரை ஒன்று இருந்தது. வேலையின் போக்கில் நேர்ந்த காயத்துக்கு அது நஷ்டஈடு தந்தது. உதவித்தொகை பெறும் ஆட்டக்காரனை ஊழியன் என்று கொள்ளலாமா என்பது வாதத்துக்குரியது. நிரந்தர வேலை கிடைத்தவனுக்கும் அது எளிதாக இருக்கவில்லை: நிர்வாக அலுவலகங்களில் நிலையாகப் பணிபுரியும் இரயில்வே ஊழியரை அச்சட்டத்தின் வரையறை விலக்கி வைத்தது, ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் உட்கார வைப்பதோ அத்தகைய அலுவலக நாற்காலிகளில்தான்.

வக்கீலம்மாள் இரு அணிகளின் நிர்வாகங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அடித்தவனைப் பற்றி அதில் அதிகம் இல்லை. ஊதல் ஊதியபின் தம் ஆட்டக்காரனை அடக்காத பயிற்சியாளர் யாருடைய ஊழியர் என்றும், தம் சட்டையை அணிந்து ஆடிக் கை முறிந்த பையனுக்கு அந்த நிர்வாகம் என்ன ஏற்பாடு செய்திருந்தது என்றும் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். பதிவுத் தபாலின் ஒப்புகைச் சீட்டுகள் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இப்பக்கத்தில் தெரிவிப்போம். இதனிடையே, பிள்ளைகளை அலுவலக அணிகளுக்கு அனுப்பும் பெற்றோர், சேரும்போதே காப்பீடு உண்டா, காயமுற்றால் உதவித்தொகை எத்தனை மாதம் தொடரும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்களாக.